கஞ்சி கொட்டிய கை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் என் பெரியம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கஞ்சி காய்ச்சும் நாள். குடிக்க அல்ல. பருத்திப் புடவைகளுக்கும் பெரியப்பாவின் வேட்டிகளுக்கும் போடுவதற்கு. பச்சரிசியைக் குழையக் குழைய வேகவிட்டு, கரண்டியால் மசித்து, கொதி அடங்குவதற்குள் வடிகட்ட வேண்டும். ஆறினால் கட்டி கட்டியாகிவிடும். அன்றைக்குப் பெரியம்மா முந்தானையைச் சுற்றிப் பிடித்துப் பானையை இறக்கினார். துணி வழுக்கியது. பானை சாய்ந்து, இடது புறங்கையில் மணிக்கட்டுவரை கஞ்சி கொட்டிவிட்டது.

எனக்குப் பத்து வயது. "டேய், பேஸ்ட் எடுத்துட்டு வாடா!" என்று அக்கா கத்தினாள். ஓடிப்போய் எடுத்து வந்தேன். பாதி டியூப் பிதுங்கி வெளியே வந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சி தேன் குப்பியோடு வந்தார். யாரோ காப்பிப்பொடி என்றார்கள், யாரோ இட்லி மாவு என்றார்கள். எல்லோரும் ஒன்றை மட்டும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தண்ணி பட்றாம பாத்துக்க. பட்டா கொப்புளிச்சுடும்."

அடுப்படியிலேயே, பெரியம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நான்கடி தள்ளி, கழுத்துவரை தண்ணீர் நிரம்பிய நீல டிரம் ஒன்று இருந்தது. மேலே ஒரு மக் மிதந்துகொண்டிருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நான்கடி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கொதிநீர் கொட்டினால் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். கஞ்சி ஓடாது. அரிசி மாவுச்சத்து வெந்து பசையாகி, கையில் அப்பி உட்கார்ந்துகொள்ளும். ஓடாத திரவம் சீக்கிரம் ஆறுவதும் இல்லை. மேலே ஆடை படிந்து ஆறியதுபோல் தெரியும்போதும், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பகுதி சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். பாயசமும் வெல்லப்பாகும் இதே ரகம். எண்ணெய் இன்னும் மோசம். தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதித்து நின்றுவிடும். பழம்பொரி வேகிற எண்ணெயோ 170, 180 டிகிரியில் இருக்கும்.

கேரளத்து வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று புட்டுக்குடத்தின் ஆவி. குக்கர் ஆவிக்கும் இது பொருந்தும். 100 டிகிரி கொதிநீர் ஒரு கிராம் உங்கள் விரலில் பட்டு உடல் வெப்பத்துக்கு இறங்கும்போது, ஏறத்தாழ 63 கலோரி வெப்பத்தைத் தோலுக்குக் கொடுக்கிறது. அதே 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஆவி, முதலில் நீராக மாறுவதற்கே 540 கலோரியைக் கொட்டிவிடும். அதற்குப் பிறகுதான் அந்த 63. ஒரே எடை, ஒரே சூடு, ஏறக்குறைய பத்து மடங்கு வெப்பம். புட்டுக்குடத்தின் மேல்குழலைக் கழற்றும்போது விரல் ஒரு நொடி பட்டதற்கே இரவெல்லாம் எரிகிறதே, அதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

எத்தனை சூடு, எத்தனை நேரம் என்ற கேள்விக்கு 1947இல் ஹார்வர்டில் ஆலன் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் விடை தேடினார்கள். பன்றித் தோலிலும் தன்னார்வலர்களின் தோலிலும் செய்த சோதனைகள் அவை. 44 டிகிரிச் சூடு தோலைக் கெடுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுத்தது. அதற்கு மேல் 51 டிகிரிவரை, ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் தேவைப்பட்ட நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிக்கொண்டே வந்தது. 60 டிகிரிக்கு வந்தால் சுமார் ஐந்து நொடி. 70 டிகிரியில் ஒரு நொடியே போதும். குடிக்கத் தயாராக ஆற்றி வைத்த டீ பெரியவர்களின் நாக்குக்கு இதமாக இருக்கலாம். தவழும் குழந்தையின் கைக்கு அது தீ.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது. கையைப் பானையிலிருந்து எடுத்துவிட்டால் சூடும் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அப்படி நிற்பதில்லை. மேல்தோலில் ஏறிய வெப்பம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அடித்தோல் 44 டிகிரிக்குக் கீழே வரும்வரை அது வெந்துகொண்டேதான் இருக்கிறது. சோற்றை அடுப்பிலிருந்து இறக்கி மூடி வைத்தாலும் உள்ளே புழுங்குகிறதல்லவா, அதே கதை.

பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953இல் எழுதிய கட்டுரையில் தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் செத்துப்போன தோல். அதை யாராலும் மீட்க முடியாது. வெளி விளிம்பில் சிவந்து கன்றிய தோல். அது தானாகவே ஆறிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் இருக்கிறது. அங்கே செல்கள் சாகவில்லை. ஆனால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கி, அடைத்து, ரத்த ஓட்டம் தேங்கி நிற்கிறது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் இந்த வளையம் பிழைக்கலாம், செத்தும் போகலாம். செத்தால் காயம் ஆழமாகும், அகலமாகும். "நேத்து லேசாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு இப்படி ஆயிடுச்சு" என்று சொல்கிறோமே, அது இந்த நடு வளையத்தின் சாவு. தீக்காய முதலுதவி முழுவதும் இந்த வளையத்துக்காகத்தான்.

அதைக் காப்பாற்றும் மருந்து ஓடும் தண்ணீர். இருபது நிமிடம்.

தண்ணீர் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது என்பது எளிதில் புரியும். ஆனால் அதற்கு ஓரிரு நிமிடம் போதுமே, ஏன் இருபது? குளிர்ந்த நீர் அதற்கு மேலும் வேலை செய்கிறது. அடிபட்ட செல்கள் வெளிவிடும் வீக்கப் பொருள்களின் ஓட்டத்தை அடக்குகிறது, நீர்க்கசிவைக் குறைக்கிறது, நடு வளையத்துக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. அதனால்தான் உடனே செய்ய முடியாவிட்டாலும், காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு என்கிறார்கள். 1950களில் ஐஸ்லாந்து மருத்துவர் ஓஃபைக்சன் தண்ணீரின் பயனை விடாமல் ஆராய்ந்து எழுதினார். இதற்கான பெரிய சான்று 2020இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்தது. தீக்காயம் பட்ட 2,495 குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் நீரில் காட்டப்பட்ட குழந்தைகளுக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. குழாயடியில் செலவழித்த இருபது நிமிடத்துக்கு இந்தப் பலன்! ஆபரேஷன் தியேட்டரில் இதற்கு ஈடாக எதைச் செய்தாலும் அதற்கு எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொச்சியின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும்: இருபது நிமிடம் ஓட விடத் தண்ணீருக்கு எங்கே போவது? நாலா பக்கமும் காயலும் கடலும் இருந்தும், குடிநீர் லாரிக்குக் குடம் வரிசை போடும் ஊர் இது. குழாய் இராத்திரியில்தான் சொட்டும் என்பதால்தான் பெரியம்மா வீட்டில் அந்த டிரம்மே இருந்தது. கணக்குப் போட்டால் கவலை தீரும். காயத்தின் மேல் விரல் பருமனுக்கும் மெல்லிசாக, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விழுந்தால் போதும். இருபது லிட்டர் வாளி ஒன்றே இருபது நிமிடத்துக்கு வரும். மக்கில் மொண்டு சன்னமாக ஊற்ற ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால், சுத்தமான துணியை நனைத்துப் போட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி நனைத்துப் போடலாம். ஒரே ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டால் அது கையின் சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகி, பயனில்லாமல் போகும்.

மொட்டைமாடித் தொட்டி நீர் மத்தியான வெயிலில் கொதித்துக் கிடக்கும். முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, கையால் தொட்டுப் பார்த்துப் பிறகு காட்டுங்கள். புத்தகங்கள் 15 டிகிரி நீரைச் சிலாகிக்கும். நம் ஊரில் கோடையில் அது கிடைக்காது. தோலைவிடக் குளிர்ந்த நீர் எதுவும் உதவும். அதற்காக ஐஸை வைத்துவிடாதீர்கள். ஐஸ் ரத்தக் குழாய்களை இன்னும் சுருக்கி, நாம் காப்பாற்ற நினைக்கும் நடு வளையத்தையே பட்டினி போடும். கைக்குழந்தையானால் வெந்த கையை மட்டும் நீரில் காட்டி, மற்ற உடம்பைத் துணியால் சுற்றிக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். சின்ன உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும்.

தண்ணீர் பட்டால் கொப்புளிக்கும் என்ற பயத்துக்கு வருகிறேன். கொப்புளம் வருவது சூட்டினால். மேல்தோலும் அடித்தோலும் பிரிந்து, நடுவே நீர் கசிந்து சேர்வதுதான் கொப்புளம். அது மேலெழச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் பழி தண்ணீர்மேல் விழுகிறது. எத்தனை தலைமுறையாக எத்தனை கைகளை இந்தத் தவறான பழி கெடுத்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பேஸ்ட் ஏன் இவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்தது? தடவியதும் ஜில்லென்று இருக்கிறது என்பதால். அந்த ஜில்லிப்பின் ரகசியத்தைச் சொல்ல மட்டாஞ்சேரிதான் சரியான ஊர். பஜார் ரோட்டில் மிளகு, வற்றல், சுக்குக் கிடங்குகளைத் தாண்டும்போது கண்ணும் மூக்கும் எரியும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை எது உணர்கிறது என்று தேடிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ், 1997இல் நரம்பு முனையில் ஒரு புரதத்தைக் கண்டார். டிஆர்பிவி1 என்று பெயர். அதே புரதம் ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும் விழித்துக்கொள்கிறது. மோரிட்ஸ் கண்ட 44 டிகிரி எல்லைக்கு எத்தனை பக்கத்தில் இயற்கை எச்சரிக்கை மணியைக் கட்டியிருக்கிறது பாருங்கள்! மிளகாயும் கொதிக்கும் கஞ்சியும் அடிப்பது ஒரே மணியை. அதனால்தான் தமிழில் "காந்துகிறது" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. இதேபோல் குளிருக்கும் ஒரு மணி உண்டு. பேஸ்டில் இருக்கும் மென்தால் அந்தக் குளிர் மணியை அடிக்கிறது. தோலின் சூடு பெரிதாகக் குறையாமலேயே, குளிர்கிறது என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போகிறது. ஜூலியசும் ஆர்டெம் படபூடியனும் இந்த உணர்விகளுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

எண்ணெய், நெய், மாவு, முட்டை வெள்ளை எல்லாமே சூட்டை வெளியேற விடாமல் மூடி போடுகின்றன. கூடவே கிருமியையும் கொண்டுவருகின்றன. பெரியம்மாவின் கையில் காய்ந்து ஒட்டியிருந்த பேஸ்டை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்தார். கஞ்சி கொட்டியபோது கத்தாத பெரியம்மா அப்போது கத்தினார். கொப்புளத்தின் மேல்தோலும் பேஸ்டோடு சேர்ந்து உரிந்து வந்தது. அந்த டியூபை எடுத்துக் கொடுத்தவன் நான்.

தேனும் கற்றாழையும் இதே வரிசையில் வைக்கத் தக்கவை அல்ல, அவற்றுக்கு நியாயம் செய்ய வேண்டும். 1991இல் சோலாப்பூர் மருத்துவர் சுப்ரமண்யம் 104 நோயாளிகளிடம் தேன் தோய்த்த கட்டுகளைச் சோதித்து நல்ல பலன் கண்டார். பின்னால் வந்த தொகுப்பாய்வுகளும், மிக ஆழமில்லாத தீக்காயங்கள் தேன் கட்டில் வழக்கமான கட்டுகளைவிடச் சில நாள் முன்னதாகவே ஆறுவதாகச் சொல்கின்றன. கற்றாழை பழைய மருந்து. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, வைத்தியர் இட்டி அச்சுதன் முதலியோரின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ நூலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் காயம் குளிர்ந்து, கழுவி, ஆழம் பார்த்த பிறகு, மருத்துவரின் கையால் வரவேண்டியவை. முதல் இருபது நிமிடத்தில் தேன் குப்பிக்கு வேலை இல்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மோதிரம், வளையல், வாட்ச், காப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வெந்த கை மணிக்கணக்கில் வீங்கிக்கொண்டே போகும். மோதிரம் வீங்காது. விரலுக்கு ரத்தம் போகும் வழியை அது நெரித்துவிடும். பெரியம்மாவின் கல்யாண மோதிரத்தைச் சாயங்காலம் கம்பி வெட்டும் கருவியால்தான் எடுக்க முடிந்தது. துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்கக் கூடாது. சுற்றியுள்ளதை வெட்டிவிட்டு, ஒட்டியதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பிறகு மூட வேண்டும். சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ரோல் வீட்டில் இருந்தால், முதல் சுற்றை வீசிவிட்டு, அடுத்ததைக் காயத்தின் மேல் போர்த்தலாம். இறுக்கிச் சுற்றக் கூடாது. ஒட்டாது, வலி குறையும், மருத்துவர் பிரிக்காமலே காயத்தைப் பார்க்கலாம். இல்லையென்றால் துவைத்துக் காய்ந்த பருத்தித் துணி போதும். பஞ்சு வேண்டாம், இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத மூடி என்றால் நம் ஊருக்கு வாழை இலைதானே நினைவுக்கு வரும்? மும்பை மருத்துவர்கள் கோரே, அகோலேகர் இருவரும் கிருமி நீக்கிய வாழை இலையைத் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்தி, அது ஒட்டாமல் வலியில்லாமல் பிரிகிறது என்று 2003இல் எழுதினார்கள். அதே நகரில் கேஸ்வானி குழு 1985இல் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் சோதித்திருக்கிறது. இவை ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கிப் பயன்படுத்தியவை. கொல்லையில் அறுத்த இலையை அப்படியே சுற்றுவது வேறு.

ஆழத்தை வலியை வைத்து அளக்கக் கூடாது. சிவந்து காந்துவது மேலோட்டமானது. கொப்புளம் எழுந்து, ஈரமாக, தொட்டால் உயிர் போவதுபோல் வலிப்பது அடுத்தது. வெள்ளையாகவோ கருகியோ, தோல் பதனிட்டதுபோல் விறைத்து, வலியே இல்லாமல் இருந்தால் நரம்பு முனைகளே வெந்துவிட்டன என்று பொருள். வலி இல்லையே என்று நிம்மதி அடையும் வீட்டுக்காரர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்கள் நிலையும் இதுவே. அவர்களுக்குச் சூடு பட்டதே தெரியாமல் போகலாம். சுஸ்ருத சம்ஹிதை தீக்காயத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தது. ஆழத்தைப் பார் என்ற அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை.

விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை உடல் பரப்பில் சுமார் ஒரு சதவீதம். கணக்கில் சின்னது. ஆனாலும் கொப்புளம் கண்ட கையை எந்த மருத்துவரும் சின்னக் காயமாக எண்ணுவதில்லை. உள்ளங்கைத் தோல் தடிப்பானது. புறங்கையிலோ மெல்லிய தோலுக்கு அடியிலேயே விரலை நீட்டும் தசைநாண்கள் ஓடுகின்றன. கையையே நம்பிப் பிழைப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுக்கின்றன. அங்கே ஒரு அம்மா கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பதை ஒருமுறை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை துணியை நீவிக்கொண்டே முன்னால் போகிறது, பெட்டி அதன் பின்னால் ஒரு விரற்கடை இடைவெளியில் வருகிறது. அந்த விரற்கடையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஆகவே கையில் கொப்புளம் கண்டாலே, குளிரவைத்து மூடிக்கொண்டு கிளம்புங்கள். மேற்குக் கொச்சிக்காரர்களுக்குக் கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரி பக்கம். பெரிய காயமென்றால் 108. குழந்தை, முதியவர், நீரிழிவுக்காரர் என்றால் யோசிக்கவே வேண்டாம். மின்சாரம் பட்ட காயம் வெளியே பொட்டாகத் தெரிந்தாலும் உள்ளே இதயம்வரை போயிருக்கலாம். மெயினை அணைக்காமல் ஆளைத் தொடாதீர்கள். சுட்ட சுண்ணாம்புப் பொடியோ காஸ்டிக் சோடாவோ பட்டால், பொடியை முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு இருபது நிமிடத்தையும் தாண்டி நீண்ட நேரம் கழுவ வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளத் தக்கது, கொப்புளமில்லாமல் சிவந்து மட்டும் இருக்கும் சின்னக் காயம். மென்மையான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும். வலிக்குப் பாரசிட்டமால். பிறகு சின்னதாகக் கொப்புளம் எழுந்தால் குத்தி உடைக்காதீர்கள், இயற்கை போட்ட கட்டு அது. சீழ், நாற்றம், சிவப்பு பரவுதல், காய்ச்சல், இவற்றில் ஒன்று வந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

இனி வருவது பலரும் கோட்டைவிடும் இடம். கட்டுப் போட்ட கையை வலிக்குப் பயந்து மார்போடு அணைத்து, விரல்களை மடக்கியபடி வைத்துக்கொள்கிறோம். தோல் ஆறும்போது சுருங்கும். எந்த நிலையில் விரல் இருக்கிறதோ அந்த நிலையிலேயே இழுத்துப் பிடிக்கும். முதல் இரண்டு நாள் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். விரல்களைத் தனித்தனியே கட்ட வேண்டும், சேர்த்துக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் சரி என்றதும் வலித்தாலும் ஒரு நாளைக்குப் பலமுறை மடக்கி நீட்ட வேண்டும். பெரியம்மா மூன்று வாரம் தூளியில் தொங்கவிட்ட கையை அசைக்கவேயில்லை. யாரும் அவரிடம் அசைக்கச் சொல்லவும் இல்லை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்து நின்றுவிட்டது.

காயம் முழுதும் மூடி, புதுத்தோல் வந்த பிறகு தேங்காயெண்ணெய்க்கு நேரம் வருகிறது. புதுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் போதாது. வறளும், அரிக்கும், வெயிலில் கறுக்கும். முதல் நாள் தொடவே கூடாத எண்ணெய், இரண்டாம் மாதத்தில் அந்தத் தழும்பை மிருதுவாக்கத் தேய்த்துவிட ஏற்றது.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். புறங்கைத் தழும்பில் நீவிவிட்டு, வலது கட்டைவிரலால் அந்தச் சுண்டுவிரலைத் தரையில் அழுத்திப் பிடித்து, பத்துவரை எண்ணுவார். விரல் கொஞ்சம் நீளும். கையை எடுத்ததும் மெதுவாகப் பழைய இடத்துக்கே போய்விடும்.